குருசடிப் பள்ளத்து உறைபனி

அந்தக் குல்லாவக் கழட்டுங்க தம்பி. பெருமாள்மலை தாண்டியாச்சு, இனிமே குளிராது. ஏரிக்கரையில வாங்குனதா? அதான பார்த்தேன். மேல வர்ற அத்தன பேரும் இதையேதான் வாங்குறீங்க. ரெண்டு நாள் தலையில மாட்டிக்கிட்டு அலையுறீங்க, மூணாம் நாள் பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு முழிக்கிறீங்க. கோவிச்சுக்காதீங்க. எனக்கு மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு கெடையாது.

எந்த ஊரு? திருச்சியா. சரி. திருச்சிக்காரங்கள நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. உங்களுக்குக் குளிருன்னா என்னன்னே தெரியாது, தெரியாதவங்களப் போயி என்ன சொல்றது. கொடைக்கானல்ல இருக்கானுகளே, அவனுகளத்தான் சொல்லணும். தாத்தன் பூட்டன் காலத்துல இருந்து அந்த மலையிலதான் கெடக்குறாய்ங்க. ஒருத்தனுக்காவது குளிரப் பத்தித் தெரியுமா? "இந்த வருசம் ரொம்பக் குளிருதுங்க." எவ்வளவு ரொம்ப? தெரியாது. "போன வருசத்த விடக் கூடங்க." போன வருசம் எவ்வளவு? அதுவும் தெரியாது. கையத் தேச்சுக்கிட்டு ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் விடுறாய்ங்க, அம்புட்டுத்தான் அவனுக படிப்பு.

எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருசம் நான் ஒரு போர்டிங் ஸ்கூல்ல லேப் அட்டெண்டர். ஸ்கூல் மைதானத்துல வெள்ளைப் பெயிண்ட் அடிச்ச பொட்டி ஒண்ணு நாலு காலுல நிக்கும். அதுக்குள்ள தெர்மாமீட்டர் இருக்கும். தினம் காலையில அதத் தொறந்து பாத்து நோட்டுல எழுதணும். வாத்திமாருக எழுதணும்னுதான் ஏற்பாடு. எந்த வாத்தி விடியக்காலம் போர்வைய விட்டு எந்திரிச்சான்? நான்தான் எழுதுனேன். மழை, புயல், காச்சல், ஒரு நாள் விட்டதில்ல. என் கல்யாணத்தன்னைக்குக் கூட எழுதிட்டுத்தான் மாதா கோயிலுக்குப் போனேன். ஏழரை டிகிரி. பொண்ணு வந்து ஒக்காந்து, சாமியாரு வந்து ஒக்காந்து, அப்புறம்தான் மாப்பிள்ள வந்தேன். என் வீட்டுக்காரி அத இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா.

சொல்லிக் காட்டுவான்னா, இப்ப வீட்டுல இல்ல. திண்டுக்கல்ல மக வீட்டுல இருக்கா. அஞ்சு வாரமாச்சு. அவளக் கூட்டிட்டு வரத்தான் போறேன். வத்தலக்குண்டுல எறங்கி வண்டி மாறணும். நீங்களும் அதே திண்டுக்கல் வண்டிதான? அப்ப சரி, பேசிக்கிட்டே போவோம்.

ரிட்டையர் ஆனப்ப எல்லாருக்கும் போல எனக்கும் ஒரு சால்வையப் போட்டு அனுப்பிச்சுட்டாய்ங்க. அதோட பொட்டிக்கும் போச்சு மரியாதை. இப்ப அதுக்குள்ள தோட்டக்காரன் வெத்தலை பாக்கு வச்சிருக்கான்னு கேள்வி. நான் விடுவனா? சொந்தமா ஒரு மீட்டர் வாங்குனேன். ஸ்கூல்ல இருந்த மாதிரியே ஒரு பொட்டி செஞ்சு, தரையில இருந்து கரெக்டா நாலு அடி ஒயரத்துல வீட்டு முன்னாடி நட்டேன். கேட்டுல ஒரு கரும்பலகை. தினம் காலையில அன்னைக்கு எத்தன டிகிரின்னு சாக்பீஸால எழுதிப் போட்டுருவேன். ஊரே பாத்துட்டுத்தான் போகும். எனக்கு டிகிரி தொம்மைன்னு பேரே வந்துருச்சு. பள்ளிக்கூடத்துல எட்டு தாண்டாதவன நாலு பேரு டிகிரின்னு கூப்புடுறான்னா சும்மாவா? சில பேரு சொல்லிட்டுச் சிரிப்பானுக. சிரிக்கிறவன் எதுக்கும் சிரிப்பான்.

பேப்பர்க்காரன் ஒருத்தன் இருக்கான். குளிர் ஆரம்பிச்சா காலையில போன் வந்துரும். "சார், இன்னைக்கு எவ்வளவு?" நாலு புள்ளி ரெண்டுப்பா. "நாலா? சார், ஒரு ரெண்டுன்னு போட்டுக்கவா? நாலுன்னா ஒரு கெத்தா இல்ல சார்." இவன்தான் ஊருக்குச் செய்தி சொல்றவன். ஒரு நாள் ஏரி மேல பொகை மாதிரி மூடுபனி நிக்குது, அதப் படம் புடிச்சு 'கொடைக்கானலில் உறைபனி'ன்னு போட்டுட்டான். மூடுபனி வேற, உறைபனி வேறன்னு கூடத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா கேமரா? மூடுபனி நகரும், கலையும், மூஞ்சில ஈரமா ஒட்டும். உறைபனி அசையாது. கோலப்பொடியக் கொட்டுன மாதிரி புல்லு மேல அப்படியே கெடக்கும். இருட்டுல டார்ச் அடிச்சா மினுமினுன்னு மின்னும். கண்ணுன்னு ஒண்ணு இருந்தாத் தெரியும். இதுக்குப் படிப்பு கூட வேணாம்.

மருமகன் இருக்காரு, திண்டுக்கல்ல. அவரு போனத் தூக்கிக் காட்டுவாரு. "மாமா, உங்க ஊருல இப்ப பத்து டிகிரி, ஆனா ஏழு மாதிரித் தெரியுமாம்." பத்துன்னா பத்து. அது என்ன ஏழு மாதிரி? கடையில போயிப் பத்து ரூவாயக் குடுத்துட்டு இது ஏழு ரூவா மாதிரித் தெரியுதுன்னு சொல்லிப் பாருங்க. நல்ல மனுசன்தான், பேங்க்ல வேலை. மூளைதான் அந்தப் போனுக்குள்ள இருக்கு.

சரி, விசயத்துக்கு வர்றேன். எங்க தெரு மேட்டுல இருக்கு. கீழ ஒரு பள்ளம். சிலுவை நட்ட சின்னக் குருசடி ஒண்ணு இருக்கும், அதனால குருசடிப் பள்ளம்னு பேரு. நடுவுல ஓடை. ஓடைக்கு ரெண்டு பக்கமும் உருளைக்கிழங்கு. நாலு குடும்பத்துக்கு அங்க நெலம். அதுல முக்கா ஏக்கர் என் வீட்டுக்காரி ஞானசௌந்தரியோடது. என் மாமனார் அவ பேருலயே எழுதி வச்சது. நான் அந்தப் பக்கம் போறதில்ல. மண்ணக் கிண்டுறது எனக்கு ஒத்து வராது. வெத வாங்குறது, களையெடுக்குறது, மருந்தடிக்கிறது எல்லாம் அவதான். ஆகஸ்ட் கடைசியில போட்டா கிறிஸ்மஸ் கழிஞ்சு எடுக்கலாம்.

அந்தக் கிழங்குச் செடிக்கு எமன் உறைபனிதான். ஆனா பனி விழுந்த ஒடனே செடி போயிராது. பனி எலை மேல இருக்கும்போதே வெயில் அடிச்சாத்தான் கருகும். வெயில் வர்றதுக்குள்ள தண்ணியப் பீச்சி எலையக் கழுவி விட்டுட்டாப் பொழைச்சுக்கும். அதனால எப்ப பனி விழுகுதுன்னு தெரியணும். அதுக்கு அந்தப் பள்ளத்துக்காரவுக ஒரு வழி வச்சிருக்காக பாருங்க, கேட்டாச் சிரிப்பீங்க. ராத்திரி சாப்புட்டுக் கழுவுன எவர்சில்வர் தட்டுல ரெண்டு வெரக்கடை தண்ணிய ஊத்தி, வரப்புல வச்சிட்டு வந்துருவாக. காலையில நாலு மணிக்கு மொறை போட்டு ஒருத்தர் போயி வெரலால தொட்டுப் பாக்கணும். தண்ணி மேல ஆடை கட்டி இருந்தா, பாலாடை மாதிரி, ஒரு சத்தம் குடுத்தா நாலு வீடும் எந்திரிச்சு ஓஸ் பைப்பத் தூக்கிக்கிட்டு ஓடும். ஒரு ஊருல நான் ஒருத்தன் மீட்டரோட ஒக்காந்திருக்கேன். இவுக சோத்துத் தட்டுல குளிர் அளக்குறாக.

நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். தரையில தண்ணிய வச்சா அது தரையோட குளிரு. ஊரோட குளிரு இல்ல. ஊரோட குளிர நாலு அடி ஒயரத்துல, பொட்டிக்குள்ளதான் அளக்கணும். அதான் கணக்கு, ஒலகம் பூராவும் அப்படித்தான்.

என்ன கேக்குறீங்க? கிழங்குச் செடி தரையிலதான இருக்குன்னா? நீங்க திருச்சி தம்பி. விடுங்க.

எப்பவும் டிசம்பர் மாசம் சவேரியார் திருநாளுக்குக் கொடியேத்துனப்புறம்தான் தட்டு வைப்பாக. அதுக்கு முன்னாடி உறைபனி வந்ததில்ல. என் நோட்டுல, ஸ்கூலுது வீட்டுது சேத்து, முப்பத்தஞ்சு வருசத்துக்கு இருக்கு. இந்த வருசம் அக்டோபர் கடைசியிலயே மழை விட்டுப் போச்சு. நாலு நாளா வானம் கழுவி விட்ட மாதிரி கெடக்கு, காத்து அசையல. ஒரு சாயங்காலம் பாக்கியமேரி வீட்டுக்கு வர்றா. எங்க நெலத்துக்கு அடுத்த நெலம் அவளோடது. புருசன் கேரளாவுல எங்கயோ எஸ்டேட்டுல இருக்கான், ஆறு மாசத்துக்கு ஒருக்க வருவான். மூணாங்கிளாஸ் படிச்சவ. வந்து என் வீட்டுக்காரிகிட்டச் சொல்றா, "மதினி, இந்த வருசம் பனி முந்திக்கும் போல இருக்கு. இன்னைக்கே தட்ட வச்சிருவோம்."

நான் உள்ள இருந்து கேட்டேன். "எதவச்சும்மா சொல்ற?"

"பொழுது சாஞ்சா ஓடைச் சத்தம் வீட்டுக்குள்ள வந்து கேக்குதுண்ணே. அப்படிக் கேட்டா ரெண்டு மூணு நாள்ல பனி எறங்கிரும். எங்க அய்யா காலத்துலயும் ஒருக்க இப்படித்தான் முந்திக்கிருச்சு."

பாத்துக்கங்க. ஓடை சத்தம் போடுதாம், அதனால பனி வருமாம். நான் நோட்ட எடுத்துட்டு வந்து காட்டுனேன். முப்பத்தஞ்சு வருசம், நவம்பர்ல ஒரு நாளாவது ரெண்டு டிகிரிக்குக் கீழ போயிருக்கா பாருன்னேன். அவ நோட்டப் பாக்கவே இல்ல. "நோட்டு எனக்கெதுக்குண்ணே, நான் தட்ட வச்சிக்கிறேன்"னுட்டுப் போயிட்டா. என்ன திமிரு.

என் வீட்டுக்காரி அன்னைக்கு ரெண்டு பக்கமும் பாத்தா. அவளும் இருபத்தொம்பது வருசம் தட்டு வச்சவதான. நான் சொன்னேன், "உனக்கு நான் சொல்றது பெருசா, அவ சொல்றது பெருசா?" அப்புறம் அவ தட்ட எடுக்கல.

மறுநாள் கரும்பலகையில டிகிரிக்குக் கீழ ஒரு வரி சேத்து எழுதுனேன். டிசம்பர் பதினஞ்சுக்கு முன் உறைபனி வராது, யாரும் பயப்பட வேண்டாம். ஊருக்கு நல்லதுதான செஞ்சேன்?

அஞ்சாந்தேதி காலையில நாலு மணிக்குப் பள்ளத்துல ஒரே சத்தம். பாக்கியந்தான். ஆடை கட்டிருச்சுன்னு கத்துறா. நாலு வீட்டுக்காரவுகளும் டார்ச்ச எடுத்துக்கிட்டு ஓஸத் தூக்கிக்கிட்டு ஓடுறாக. என் வீட்டுக்காரியும் சால்வையக் கூடப் போடாம ஓடுறா. போயித் தண்ணியெல்லாம் அடிச்சு, வெளிச்சம் வந்தப்புறம் பாத்தா, வெறும் பனித்துளி. தட்டுல அந்தப் பொம்பள தொட்டது ஆடையும் இல்ல ஒண்ணும் இல்ல, தண்ணியில ஒரு எலை விழுந்து கெடந்துச்சு. இருட்டுல எலையத் தொட்டுப்புட்டு ஊரக் கூட்டிட்டா.

நான் விடுவனா? மேல வரட்டும்னு கேட்டுலயே நின்னேன். மீட்டர்ல ஏழு டிகிரி. பால்காரரு, டீக்கடைக்காரரு, வேலைக்குப் போற பொம்பளைங்க எல்லாம் தெருவுல நிக்கிறாக. அந்தத் தட்ட அவ கையில இருந்து வாங்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்டுனேன். "இதான் நம்ம ஊரு வானிலை ஆராய்ச்சி நிலையம்"னேன். தெருவே சிரிச்சுச்சு. அப்புறம் தட்ட அவகிட்டக் குடுத்து, "இதுல சோறு போட்டுத் தின்னும்மா, அதுக்குத்தான் செஞ்சிருக்கான்"னேன். இன்னும் சிரிச்சாக. அவளும் சிரிச்சா. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. தட்ட முந்தானையால தொடச்சுக்கிட்டே போயிட்டா.

நீங்க ஏன் மூஞ்சியத் திருப்புறீங்க? வாந்தி வருதா? வெளிய பாருங்க. ஊத்துங்குற ஊரத் தாண்டிட்டா வளைவு கம்மிதான். எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், இந்தாங்க, மோந்து பாருங்க.

அதுக்கப்புறம் யாரும் தட்டு வைக்கல. அவளும் வைக்கல. வைக்கலன்னு எப்படித் தெரியும்னா, நான்தான் தெனம் சாயங்காலம் மேட்டுல இருந்து எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தேனே. வச்சா மறுபடி ஒரு ஆட்டம் காட்டலாம்னுதான்.

பதினொண்ணாந் தேதி விழுந்துருச்சு.

நவம்பர் பதினொண்ணு. என் நோட்டுலயே கெடையாது. இதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. பொட்டிக்குள்ள மீட்டர் ரெண்டு புள்ளி ஒம்பது காட்டுது. ரெண்டு புள்ளி ஒம்பதுன்னா தண்ணி உறையாது, எந்தப் புஸ்தகத்துல வேணா பாருங்க. அதத்தான் பலகையில எழுதுனேன். நான் எழுதுனதுல ஒரு புள்ளி தப்பு கெடையாது. ஆனா பள்ளத்துல விழுந்துருச்சு. குளிரு தண்ணி மாதிரி கீழ எறங்கிப் பள்ளத்துல தேங்கும், அது எனக்குத் தெரியும், ஸ்கூல்ல பிசிக்ஸ் வாத்தி சொல்லும்போது நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். அதயெல்லாம் இவுகளுக்கு வெளக்கிச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? சொன்னாத்தான் புரியுமா?

ஏழு மணிக்கு வெயில் பள்ளத்துல எறங்குச்சு. பத்து மணிக்குப் பாத்தா வெந்நியில போட்டு எடுத்த கீரை மாதிரி நாலு நெலமும் தொவண்டு கெடக்கு. மத்தியானம் கருப்பு. கிழங்கு உள்ள கோலிக்குண்டு சைஸ்ல நிக்குது, இனிமே பெருக்காது. எங்களுது, பாக்கியத்துது, மத்த ரெண்டு வீட்டுது, எல்லாம். ஒரு செடி மிச்சமில்ல. பாக்கியம் வரப்புல ஒக்காந்து அழுதான்னு சொன்னாக. அழுதா சரியாப் போச்சா? அம்புட்டு நிச்சயமாத் தெரிஞ்சவ தட்ட வச்சிருக்க வேண்டியதுதான? நான் என்ன கையப் புடிச்சுக்கிட்டா இருந்தேன்? ஒருத்தன் நாலு வார்த்த சிரிச்சுப் பேசிட்டான்னா உன் நெலத்த விட்டுருவியா? இதுதான் இந்த ஊரு சனங்களோட புத்தி. மானம் பெருசு, மத்ததெல்லாம் அப்புறம்.

பேப்பர்க்காரன் வந்தான். கருகுன செடியப் படம் புடிச்சான். "சார், மைனஸ் ஒண்ணுன்னு போட்டுரவா?" ரெண்டு புள்ளி ஒம்பதுன்னு போடுன்னேன். "ரெண்டு புள்ளி ஒம்பதுல செடி கருகுமா சார்?"னு கேக்குறான். இவன் கேக்குறான் என்னைய.

என் வீட்டுக்காரி அன்னைக்குப் பதினோரு மணிக்கு நெலத்துல இருந்து வந்தா. கால் கழுவல. சேறோட அடுப்படி வாசல்ல நின்னா. நான் சொல்ல ஆரம்பிச்சேன், "இது வழக்கத்துல இல்லாதது, முப்பத்தஞ்சு வருசத்துல..." அவ கைய நீட்டி நிறுத்துனா. கல்யாணமான நாள்ல இருந்து அவ என் பேச்ச நிறுத்துனதே இல்ல.

"காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சீங்கள்ல?"

"எந்திரிச்சேன். தெனம் எந்திரிக்கிறதுதான."

"டார்ச்ச எடுத்துக்கிட்டுக் கேட்டு வரைக்கும் போனீங்கள்ல? கேட்டுச் சத்தம் கேட்டுச்சு எனக்கு."

"பலகையில எழுதப் போனேன்."

"கேட்டுல இருந்து பாத்தா நம்ம நெலம் தெரியும்ல?"

நான் சொன்னேன், "வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. மூடுபனின்னு நெனச்சேன்."

அவ என் மூஞ்சியப் பாத்தா. அப்புறம் கால் கழுவிட்டு, ரெண்டு சேலைய எடுத்துப் பையில வச்சிக்கிட்டு, ஒன்றரை மணி வண்டிக்குப் போயிட்டா. சோறு வடிச்சு வச்சிட்டுத்தான் போனா. அதச் சொல்லணும்.

சண்டை போட்டிருந்தா எனக்குப் பதில் இருக்கு. நோட்டு இருக்கு, மீட்டர் இருக்கு. அவ சண்டை போடல. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா. மக பிரின்சிதான் எடுக்கும். "அப்பா, அம்மா நல்லா இருக்கு, சாப்புட்டுச்சு"ங்கும். ஊருல என்னாச்சு தெரியுமா? யாரும் பலகையப் பாக்குறதில்ல. நான் எழுதுறேன், எழுதாம இருக்க முடியுமா. டீக்கடையில போயி ஒக்காந்தா பேச்சு நின்னு போகுது. பாக்கியமேரி எதுத்தாப்புல வந்தா "அண்ணே"ன்னுட்டுப் போறா, முன்ன மாதிரியே. அவ வஞ்சா நல்லா இருக்கும். வைய மாட்டேங்குறா. இப்ப அவுக மூணு வீடும் பீட்ரூட் போட்டிருக்காக. தட்டு வைக்கிறாக. எங்க நெலம் சும்மா கெடக்கு.

மூணு வாரத்துக்கு முன்னாடி பிரின்சி போன் பண்ணுச்சு. "அப்பா, அம்மா வந்துர்றேன்னு சொல்லுது." நான் நெனச்சேன், தெரியும், எங்க போகப் போறான்னு. "ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்குது. அன்னைக்குக் கேட்டுல நின்னப்ப அது உறைபனின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னு சொன்னாலும் வந்துருமாம். தெரியும்னு சொன்னாலும் வந்துருமாம். நேர்ல வந்து மூஞ்சியப் பாத்துச் சொல்லணுமாம். அவ்வளவுதான்ப்பா. சண்டையெல்லாம் இல்ல."

எப்படி இருக்கு? ரெண்டுல எதச் சொன்னாலும் வந்துருவாளாம். சல்லிசாத்தான இருக்குன்னு நெனைக்கிறீங்க. நெனைப்பீங்க. நீங்க சொல்ல வேண்டியதில்லையே.

தெரியாதுன்னு சொல்றதா? நானா? முப்பத்தோரு வருசம் ஸ்கூல்ல, நாலு வருசம் வீட்டுல. பேப்பர்க்காரனுக்கு மூடுபனி எது உறைபனி எதுன்னு பாடம் நடத்துனவன் நான். எனக்கே கண்ணு தெரியலன்னு என் வாயால நான் சொல்லணுமா? அப்புறம் நான் யாரு? எட்டாங்கிளாஸ் தொம்மை. ஸ்கூல் லேப்புல கண்ணாடிக் குப்பி கழுவுனவன்.

தெரியும்னு சொல்றதா? அது...

இந்தா, வத்தலக்குண்டு வந்துருச்சு. என்ன வேக்காடு பாத்தீங்களா. முப்பது இருக்கும். முப்பத்தொண்ணு. இதுலதான் இவுக குடும்பம் நடத்துறாக. எறங்குங்க, பாத்து. உங்க பை. அந்தா, அந்த ஓரத்துல நிக்குதே, அதான் திண்டுக்கல் வண்டி. இன்னும் ஆள் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு, அவசரமில்ல.

என்ன பாக்குறீங்க? நீங்களும் அதையேதான் கேக்குறீங்க. வாயத் தொறந்து கேக்கல, ஆனா கேக்குறீங்க.

தெரிஞ்சுச்சு தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. டார்ச் அடிச்சேன், மின்னுச்சு. பள்ளம் பூரா மின்னுச்சு. நகரல, கலையல. வெயில் வர்றதுக்கு முழுசா ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. நின்ன எடத்துல இருந்து ஒரு சத்தம் குடுத்தாப் போதும், நாலு வீடும் எந்திரிச்சிருக்கும். வாயத் தொறந்தேன். மொத வீடு அவ வீடு. 'பாக்கியம்'னு கூப்புடணும். நீ சொன்னது வந்துருச்சு, எந்திரின்னு சொல்லணும். தெருவே சிரிச்ச அந்தக் கேட்டுல நின்னுக்கிட்டு. வரல. வாயி தொறந்துதான் இருந்துச்சு, வரல. உள்ள வந்து அடுப்பப் பத்த வச்சுக் காபி போட்டுக் குடிச்சேன். என் வீட்டுக்காரி தூங்கிக்கிட்டு இருந்தா. வருசா வருசம் பனிக்கு நாலு மணிக்கு எந்திரிக்கிறவ, என் பேச்ச நம்பி அந்த வாரம்தான் விடிய விடியத் தூங்குனா.

இத அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? நீங்க படிச்சவர்தான, சொல்லுங்க.

தெரியாதுல்ல. அப்புறம் என்ன.

போங்க, உங்க வண்டிக்காரன் ஆரன் அடிக்கிறான். நாம வந்த வண்டி கண்டக்டர் வேற எதுக்கோ என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான். "டிகிரி சார், இருபது நிமிசத்துல திரும்ப மேல கெளம்பிருவோம். போன ரெண்டு வாரம் மாதிரி முன் சீட்டுல துண்டு போட்டு வச்சிரவா?" முன்ன பின்ன தெரியாத ஆள் முன்னாடி எதக் கேக்குறதுன்னு ஒரு வெவஸ்தை இருக்கா பாருங்க. டிக்கெட் கிழிக்கிற புத்தி.

போடுப்பா. ஜன்னலோரமாப் போடு.